ஆளுநர் எல்வுட்டின் சரித்திரம் எழுதிய கை

தோமஸ் எல்வுட் என்ற அமெரிக்க ஆளுநர் செத்து நூறு வருசம். ஆனாலும் மட்டக்களப்புச் செங்கலடியில், செபஸ்தியம்மாவின் வீட்டில், மூன்று வருசமாக அவன் பேரில்தான் சோறு வெந்தது. சனிக்கிழமையானால் பள்ளிக்கூட அதிபர் வினாயகமூர்த்தி சேர் அவன் சரித்திரம் சொல்லும் இங்கிலீசுப் புத்தகத்தோடு வந்துவிடுவார். அவருக்குக் கை நடுக்கம். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்த அவள் புருசன் பீற்றர் கொப்பியில் முத்துமுத்தாக எழுதுவான். நண்டுக்கறி ஆக்குவது அவள் பாடு. கூலியா? மூச்!

அடுப்படியிலிருந்தே எல்வுட்டின் கதை அவளுக்குப் பாடமாகிவிட்டது. சேணம் தைப்பவன் மகன். தானாகவே சட்டம் படித்து, மாநில சபைக்குப் போய், ஆளுநராக வந்தவன். அந்த நாட்டிலும் சண்டை. சிப்பாய்கள் அவனுடைய பழைய எழுத்தரை உளவாளியென்று பிடித்தபோது, காய்ச்சலோடு குதிரையேறிப் போய், "இவன் என் ஆள். இவனைக் கட்டினால் என்னையும் கட்டு" என்று நின்றான். ஆளை மீட்டான். அடுத்த தேர்தலில் பதவி போயிற்று. அந்த இடத்தில் சேர் புத்தகத்தை மடியில் வைத்துவிடுவார். "இவனெல்லோ மனிசன், பீற்றர்!" என்பார்.

எண்பத்தாறு ஆவணியில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு. பீற்றரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரில் மதிப்பான ஒருவர் முகாமுக்கு வந்து, 'இவரை எனக்குத் தெரியும்' என்று கையெழுத்து வைத்தால் சிலரை விடுவார்கள். செபஸ்தியம்மா சேரிடம் ஓடினாள்.

"அழாத பிள்ளை, நான் வாறன். ஒரு சொல்லில முடியிற விசயம்."

முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் பீற்றர் குந்தியிருந்தான். சேரைக் கண்டதும் சிரித்தான். பாவி மனிசன், உண்மையாகவே சிரித்தான். அதிகாரி சொன்னதை ஒருவன் தமிழில் சொன்னான்: "இவனுக்கு நீங்க பொறுப்பா? பிறகு ஏதும் நடந்தா உங்களைத்தான் தேடி வருவம்."

சேர் நிலத்தைப் பார்த்தார். "கடையில கண்டிருக்கிறன். மற்றப்படி எனக்கு ஆளைத் தெரியா."

அட துரோகி! அவள் வாய்விட்டுக் கத்தினாள். ஆர் கேட்டது? பின்னேரம் பீற்றரை லொறியில் கொண்டு போனார்கள். எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் சேர் வந்து படலைக்கு வெளியே நின்றார்.

"என்ட நிலைமை உனக்கு விளங்கும் பிள்ளை. கல்விக் கந்தோரில பதவி உயர்வு வாற நேரம்..." வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "ஆளுநர்ட கொப்பி ஏழும் இங்கதானே? அச்சுக்குக் குடுக்கோணும்."

அவள் படலையைத் திறக்கவில்லை.

"கொப்பியில இருக்கிறது ஆர்ட எழுத்து, சேர்?"

"என்ன கேள்வி இது? பீற்றர்ட எழுத்து. எனக்குத் தெரியாதா?"

"இதை அண்டைக்கு அங்க சொல்லியிருக்கலாமே, சேர்," என்றாள் செபஸ்தியம்மா.