கேம்பரில் வைத்த தண்ணீர்

இத்தாலியின் பலேர்மோவில் பதினாலு வருஷம் இருந்தும் கோபாலசிங்கம் பனிக்கட்டியைக் கண்டது குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும்தான். ஆனால் அவர் வேலை செய்யும் வீட்டு எசமானி சினியோராவின் கேம்பர், கட்டிலும் குசினியும் கக்கூசுமாக ஓடித் திரியும் அந்த வண்டி, சனிக்கிழமை மதோனியே மலைக்குப் போய் மார்ச் வரை அங்கேயே நிற்கப் போகிறது. குழாய்களில் தண்ணீர் மிஞ்சினால் குளிரில் உறைந்து வெடித்துவிடும். போன வருஷம் கொதிகலனைச் சரியாக வடிக்காத ஆளைச் சினியோரா அன்றைக்கே அனுப்பிவிட்டாள். இந்த முறை ஒரு சொட்டும் கூடாது என்று விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம், கால்சாப் பகுதியில் சினியோராவின் பழைய மாளிகைப் பின்முற்றத்தில், அவர் தண்ணீர்த் தாங்கியின் அடி வால்வைத் திறந்தார். பிறகு கொதிகலன். சுடுதண்ணி, பச்சைத்தண்ணிக் குழாய்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்து, ஷவரைத் தரையில் கிடத்தி, வெறும் காற்று வரும்வரை பம்பை ஓடவிட்டார். வேலை செய்தது கைதான். மனம் வேறெங்கோ நின்றது. சண்டைக்குள் அகப்பட்ட வன்னியில் இருந்த தம்பி கஜானனிடமிருந்து ஏப்ரலுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இப்போது நவம்பர். ஊரில் எல்லாரும் நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டார்கள். அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று இவர் மட்டும் விடாப்பிடியாக நின்றார்.

கடைசியில் பேட்டரியைக் கழற்றி முற்றத்தில் வைத்தார். சன்னல் மறைப்புகளை ஏற்கெனவே இறக்கியிருந்ததால் உள்ளே ஒரே இருட்டு. ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திக் குசினித் தொட்டி விளிம்பில் நிறுத்தி, மிச்ச வேலையை முடித்தார். அடுத்த நாளைக்குள் எத்தனை சொட்டு விழுகிறது பார்ப்போம் என்று குழாயடியில் ஒரு குவளையையும் வைத்தார். திரியை அணைத்து, கதவைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை வந்து பார்த்தால் குவளை காய்ந்து கிடந்தது. அவர் கண் முன்னாலேயே குழாயிலிருந்து மூன்று சொட்டு விழுந்தது. அப்படியானால் ராத்திரி விழுந்ததெல்லாம் எங்கே? குவளையில் வெடிப்பு இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, ஒழுகுகிறதா பார்ப்போம் என்று போத்தல் தண்ணீரை அதில் விளிம்புவரை ஊற்றி வைத்தார். மறுபடி திரியைக் கொளுத்திவிட்டு, பம்பின் வடிகட்டியைத் துடைக்கக் குனிந்தார்.

அந்த நேரம் மனைவி அற்புதமலர் சாப்பாட்டோடு வந்தாள். வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஆருக்கு வைச்சிருக்கிறியள்?"

"என்னத்தை?"

"விளக்கும் தண்ணியும்."

அவர் திரும்பிப் பார்த்தார். செத்த வீட்டில், போனவர் வந்து குடிக்கட்டும் என்று விளக்குப் பக்கத்தில் தண்ணீர் வைப்பார்களே, அச்சு அசலாக அதேதான். வைத்தது அவர் கை. ஒரு தரம் அல்ல, இரண்டு தரம்.

"வீட்டிலை கஜானன்ரை படத்துக்கு ஒரு விளக்குக் கொளுத்த விடேல்லை," என்றாள் அவள். "இஞ்சை வந்து நீங்களே..."

"விசர்க்கதை கதையாதை! அவன் ஏதோ அகதிக் காம்பிலை இருக்கிறான்." திரியை ஊதி அணைத்தார். குவளையைத் தொடப் பயந்து, அப்படியே விட்டுக் கதவைப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குவளை தொட்டியில் இல்லை. கட்டில் ஓரத்தில் இருந்தது. உள்ளே ஈரமே இல்லை. கட்டில் விரிப்பில் யாரோ குந்தி எழும்பிய மாதிரி ஒரு பள்ளம்.

அப்போது பம்ப் உறுமியது. பேட்டரி வெளியே முற்றத்தில் கிடக்க, பம்ப் உறுமியது. திறந்து கிடந்த குழாய்கள் எல்லாம் ஒரேயடியாகக் காற்றை உறிஞ்சின. உறிஞ்சி, நின்று, மறுபடி உறிஞ்சின.

ஓடித்தான் இருப்பார். ஓடவிடாமல் பிடித்து வைத்தது ஏப்ரல் மாதத் தொலைபேசி அழைப்பு. அற்புதமலருக்குக்கூட அவர் சொல்லாத பேச்சு அது. "அண்ணை, பசியைத் தாங்கலாம். தண்ணியில்லாமல்தான் ஏலாமல் கிடக்கு," என்று கஜானன் சொன்னான். மிச்சத்தை வெடிச்சத்தம் விழுங்கிவிட்டது.

அவர் இறங்கிப் போய் வால்வுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். முற்றத்துக் குழாயில் ஹோஸை மாட்டி, மறுமுனையைத் தாங்கியின் வாய்க்குள் விட்டு, முழுதாகத் திறந்தார். நூறு லீற்றர் தாங்கி அது. ஒரு குவளை யாருக்குக் காணும்?

உள்ளே பம்ப் உறுமுவதை நிறுத்தியது. நிதானமாக, பெரிய பெரிய மிடறாக ஏதோ குடிக்கிற சத்தம் கேட்டது.

மேலே பால்கனியில் சினியோரா கத்தினாள். பைத்தியமா உனக்கு, விடிந்தால் வண்டி மலைக்குப் போகிறது, தண்ணீரை எடு, எடு என்றாள். இனி இந்த வீட்டில் வேலை இல்லை என்று அவருக்குத் தெரியும். ஹோஸை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு விளங்காத தமிழில், திரும்பாமலே சொன்னார்.

"என்ரை தம்பி செத்துப் போனான், சினியோரா. தண்ணியில்லாமல் செத்துப் போனான்."