வெளுக்காத விரல்கள்

டியூக் முதலில் மிலோவின் கோப்பையில் காபி ஊற்றினான். பிறகு லூவுக்கு, அப்புறம் தனக்கு. அதோடு குடுவையை மேசையின் மறுமுனைக்குத் தள்ளிவிட்டான். மிலோ என் கணவர், அவர்கள் இருவருக்கும் பழைய நண்பர். அந்த வருடம் மார்ச் மாதம் இறந்துபோயிருந்தார். நான் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில், உயிரோடு, காலிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. எங்கள் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி வெளியேற்றுச் சுற்றுக்கு வந்துவிட்டால், ஆட்டத்தன்று காலையில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பான்கேக்கும் பொரித்த சாஸேஜும் போடுவார்கள். ஊரே வந்து தின்றுகொண்டே எதிரணியை அலசும். அன்று மதியம் இரண்டு மணிக்கு ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் பெல்ஃபோர்ட் பள்ளியோடு ஆட்டம். தோற்றால் அந்த வருடம் அத்தோடு சரி.

நாற்பது வருடங்களாக பெல்ஃபோர்ட் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடிவருகிறது. பந்தை வீசுவதே அபூர்வம். பந்து கைக்கு வந்ததும் மூன்று பையன்கள் முதுகைக் காட்டிக் குனிந்து, வயிற்றோடு எதையோ அணைத்தபடி மூன்று திசைகளில் ஓடுவார்கள். ஒருவனிடம்தான் பந்து இருக்கும். எங்கள் பையன்கள் ஒருவனைப் பிடித்து மண்ணில் சாய்த்துவிட்டுக் கொண்டாடும்போது, வேறொருவன் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பான். முந்தைய வருடம் அப்படித்தான் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். மிலோ பார்த்த கடைசி ஆட்டம் அது.

"நடுவுல ஓடுறான் பாரு, அந்தத் தடியன், அவனப் போட்டு அமுக்கணும்," என்றான் டியூக். இரும்பாலையில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன். அந்த இரைச்சலுக்குப் பழகிய குரல். "பந்து இருக்கோ இல்லையோ, ஒவ்வொரு வாட்டியும் அமுக்கு. மிலோ அதத்தான் சொல்லுவான்."

"மிலோவா? கனவு கண்டியாடா?" என்றான் லூ. ஊரின் முடிதிருத்துபவன் அவன். "பின்னால நிக்கிற மூணு பேரையும் முன்னால கொண்டாந்து சுவரு மாதிரி நிறுத்தணும்னான். என் கடையில உக்காந்து, கழுத்துல துணியக் கட்டிக்கிட்டு சொன்னான்."

"கழுத்துல நீ கத்திய வச்சிருந்தா நானுந்தான் அப்படிச் சொல்லுவேன்."

பக்கத்து மேசைவரை சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு உள்ளூர் வானொலியில் டியூக் பேசப் போகிறான். மிலோ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் பேச்சு. ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒருமுறை அந்த வானொலியில் வந்துவிட்டால் இந்த ஊரில் அதுவே மிலோவின் வாக்காக நின்றுவிடும். எட்டு மாதமாகப் பார்த்துவிட்டேன். யாருக்கு என்ன தோன்றினாலும் அதை மிலோவின் வாயில் வைத்துவிடுவார்கள். செத்தவர் மறுத்துப் பேச மாட்டார். என்னை யாரும் கேட்பதில்லை.

"மிலோ அந்தத் தடியனப் பாத்ததே கெடையாது, டியூக்," என்றேன். "அவரு பந்தையே பாக்க மாட்டாரு."

"பந்தப் பாக்காம? சாஸேஜ் கடையப் பாத்துட்டு இருந்தானா?"

"வெரலப் பாப்பாரு."

இருவரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். நான் சொன்னேன். முன்வரிசையில், நடுவே நிற்பவனுக்கு இருபுறமும் இருவர் குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றியிருப்பார்கள். நேரே முட்டப் போகிறவன் எடை முழுவதையும் விரல்களில் போடுவான்; விரல்கள் வெளுத்துவிடும். குறுக்கே மறுபக்கம் ஓடிப் பந்துக்காரனுக்கு வழி திறக்கப் போகிறவனோ பட்டும் படாமலும் ஊன்றுவான். இருவரில் எவன் விரல்கள் வெளுக்கவில்லையோ அவனுக்கு எதிர்ப்பக்கம்தான் பந்து போகும். அதற்காகத்தான் மிலோ பார்வையாளர் மேடையில் உட்காராமல், எல்லைக்கோட்டுக்குப் பின்னாலுள்ள கம்பிவேலி ஓரமாக, கையில் தூரக்கண்ணாடியோடு இருபத்திரண்டு வருடம் நின்றார்.

"இத யாரு சொன்னா?" என்றான் லூ.

"மிலோதான்."

"எங்ககிட்ட சொல்லலையே. நாப்பது வருசமா ஒண்ணா உக்காந்து தின்னவங்க நாங்க."

ஏன் சொல்லவில்லை? எரிச்சலோடு பதில் தேடியபோதுதான் அந்த மழை நாள் நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிது. ஆட்டம் எனக்குப் புரியாது, குளிர் வேறு. சலிப்பில் தூரக்கண்ணாடியை வாங்கி, பையன்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்தப் பையனுக்கு மட்டும் குளிரல போல. வெரலு செவப்பாவே இருக்கு," என்றேன். மிலோ கண்ணாடியைப் பிடுங்கினார். அன்று முழுவதும் திருப்பித் தரவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, "இன்னிக்கு நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன்," என்றார். நான் உருளைக்கிழங்கை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பிறகு நானே மறந்துபோனேன்.

நண்பர்களிடம் சொன்னால் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்கள் என்றுதான் சொல்லாமல் இருந்தாரா? அவரிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

டியூக் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். என் முகத்தைப் பார்த்து அவனுக்கு என்னவோ ஆகியிருக்க வேண்டும், குரலைத் தணித்தான். "சரி லொரெய்ன், நீ இவ்வளவு சொல்றதுனால, அந்த வெரல் கதையவே மிலோ சொன்னதாச் சொல்லிடுறேன். போதுமா?"

காலையிலிருந்து நான் கேட்டது அதுதான்.

"வேண்டாம். அவரு சொன்னதில்ல அது."

"இப்பத்தான மிலோன்ன?"

"நான் சொன்னது."

லூ என்னைப் பார்த்தான், பிறகு டியூக்கைப் பார்த்தான். "தாயே, சொந்தப் பேச்சையும் மிலோ பேச்சையும் போட்டுக் கொழப்புற எங்க வியாதி வரவர உனக்கும் வந்துருச்சு," என்றான். டியூக் என் தோளைத் தட்டினான். "மனசப் போட்டு ஒழப்பிக்காத. காபி குடி." குடுவையைத் தூக்கினான். காலி.

நான் கையை நீட்டி மிலோவின் கோப்பையை எடுத்தேன். ஆறிப்போயிருந்தது, மேலே ஆடை படிந்திருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன். தேவாலயத்தில் எச்சில் துப்பியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

மைதானத்துக்குப் போகும்போது காரில் வானொலியைப் போட்டேன். "மிலோ இருந்தா ஒண்ணுதான் சொல்லுவான்," என்று டியூக்கின் குரல் கரகரத்தது. "அந்தத் தடியன அமுக்குங்கடா." அணைத்துவிட்டேன்.

வேலி ஓரம் யாருமில்லை. மேடையில் எங்கள் ஊர் மொத்தமும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. பெல்ஃபோர்ட் பையன்கள் என்னை நோக்கி வரிசையாகக் குனிந்தார்கள். தூரக்கண்ணாடியின் வார் இன்னும் மிலோவின் கழுத்துக்கு ஏற்ற நீளத்திலேயே இருந்தது. கண்ணாடி என் வயிற்றில் வந்து இடித்தது. கையால் தூக்கிப் பிடித்தேன். ஒருவனின் விரல்கள் சேற்றில் புதைந்து சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. எனக்கு வலப்பக்கமாக நின்ற மற்றவனுடையவை சிவப்பாக, தரையைத் தொட்டும் தொடாமலும்.

"எடது பக்கம்," என்றேன், உரக்க.

பந்து பின்னால் போனது. மூன்று பையன்கள் முதுகைக் காட்டிக் குனிந்து மூன்று திசைகளில் ஓடினார்கள். எங்கள் பையன்கள் நால்வர் அந்தத் தடியன்மேல் பாய்ந்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. அந்தச் சிவந்த கை எழுந்துபோன இடத்தில், சேற்றில் விரல் நுனிகளின் குழிகள் மட்டும் இருந்தன, ஆழமே இல்லாமல்.