பதினொரு நிமிடப் பாடம்

எழிலரசி ஒரகடத்தின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டராகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. பெரிய டாக்டர் காஞ்சிபுரத்தில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். அவர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

படுக்கையில் இசக்கிபாண்டி. இருபத்திரண்டு வயது, தென்காசிப் பக்கத்துப் பையன். காலையில் கம்பெனி இயந்திரத்தின் ரோலரில் வலது கை சிக்கியது. எலும்பு உடையவில்லை என்று கம்பெனியில் மாத்திரை கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள், புண்ணியவான்கள். இப்போது முன்கை கல்லாக இறுகியிருந்தது. விரலைத் தொட்டு நிமிர்த்தினாலே அலறினான்.

உள்ளே வீங்கிய சதை தனக்கு வரும் ரத்தத்தைத் தானே அடைத்துக்கொண்டிருந்தது. தோலையும் அதன் அடியில் உள்ள உறையையும் நீளமாகத் திறந்துவிட வேண்டும். இன்னும் ஒரு மணி நேரம் போனால் கை இருக்கும், வேலை செய்யாது.

"சென்னைக்கு அனுப்பிடலாமா?"

"படப்பை ரோட்டுல கன்டெய்னர் லாரி கவுந்து கீது மேடம். ஆம்புலன்ஸ் நவுராது," என்றாள் ஆயா கோவிந்தம்மா.

மயக்க மருந்து டாக்டர் உள்ளே தயாராகிக்கொண்டிருந்தார். எழிலரசி சம்மதத் தாளில் இடது கைநாட்டு வாங்கப் போனபோது இசக்கிபாண்டி குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு சொல்லுதேன், கம்பெனியில சொல்லிராதீங்க டாக்டரம்மா. அந்த மிசினுக்குக் கம்ப்யூட்டர்லதான் டிரெய்னிங். வீடியோவத் தள்ளி விட்டுட்டு கேள்விக்கு மட்டும் டிக் அடிச்சேன். நூத்துக்கு நூறு வந்துச்சு."

இந்த அறுவை சிகிச்சைக்கு எழிலரசியும் ஆன்லைனில் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். ஹாஸ்டல் நெட் சுற்றிச் சுற்றி நின்றதில் பொறுமை போய், பதினொரு நிமிட வீடியோவில் மூன்று நிமிடம் பார்த்திருப்பாள். அவளுக்கும் நூற்றுக்கு நூறு. மார்க்குக்கு வெட்கமே கிடையாது, யாருக்கு வேண்டுமானாலும் விழும்.

சொல்லாமலே கத்தியை எடுத்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. அப்படி நினைக்கத் தன்னால் முடிந்ததே என்றுதான் அவளுக்கு நிஜமாகப் பயம் பிடித்தது.

"இந்த ஆபரேஷன நான் செஞ்சதில்ல தம்பி. இதுக்கான வீடியோவ நானும் தள்ளிட்டுத்தான் பாஸ் பண்ணேன்."

கோபப்படுவான் என்று நின்றாள். அவன் முகம் வெளுத்ததே தவிர கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இப்பம் முழுசாப் பாத்துட்டு வாங்க," என்றான். "நான் எங்க போயிரப் போறேன்."

அவனுக்கு மயக்கம் கொடுப்பதற்குள் அவள் பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் அந்தப் பதினொரு நிமிடத்தையும் ஒரு நொடி விடாமல் பார்த்தாள். நெட் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் செத்துப் பிழைத்தாள். மணிக்கட்டோடு நிறுத்தாதே, உள்ளங்கை வரை திற என்று எட்டாவது நிமிடத்தில் சொன்னார்கள். அவள் மணிக்கட்டோடு நிறுத்துவதாகத்தான் இருந்தாள்.

கீறியதும் சதை பிதுங்கி வெளியே வந்தது. கருத்திருந்தது. இடுக்கியால் கிள்ளினாள், அசையவில்லை. இன்னும் கீழே கிள்ளினாள். துடித்தது, அங்கே சதைக்கு உயிர் இருந்தது. மணிக்கட்டைத் தாண்டித் திறந்தாள். விரல்களுக்குப் போகும் நரம்பு அங்கேதான் வீக்கத்தில் அமுங்கிக் கிடந்தது.