நூற்று நாற்பதா, நூற்றுத் தொண்ணூற்றொன்றா

1959-ல் புதுக்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் நோய்க்கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்தாள் முத்துமாரியம்மாள். ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. அதற்கென்று மேலிடத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்று வந்திருந்தது. நோயாளியின் சீட்டைப் பார்த்து, புத்தகத்தில் தேடி, எண்ணை எழுத வேண்டும்.

அன்றைய சீட்டில் ‘உதட்டில் புற்றுநோய்’ என்றிருந்தது. நோயாளி கீரமங்கலத்து அய்யாக்கண்ணு. புத்தகத்தில் உதட்டுக்கு எண் 140. ஆனால் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: சிவந்த உதட்டில் இல்லாமல், உதட்டை ஒட்டிய தோலில் தொடங்கியிருந்தால் 191.

சீட்டோடு டாக்டரிடம் போனாள்.

“எனக்கே தெரியலம்மா,” என்றார் அவர். “மீசை முடிய வெலக்கி, துளியூண்டு சதை எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினேன். புற்றுன்னு பதில் வந்துருச்சு. எங்க ஆரம்பிச்சு எதுவரைக்கும் போயிருக்குன்னு பாக்கணும்னா மீசைய எடுக்கணும். மனுசன் ஒரு வாரமா மாட்டேங்கிறாரு. நாளைக்கு ஊருக்குப் போறாராம்.”

முத்துமாரியம்மாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போனாள். கட்டிலில் சம்மணமிட்டிருந்தார் அய்யாக்கண்ணு. இரண்டு காதுகளையும் எட்டிப் பிடிக்கப் பார்க்கும் மீசை. காலடியில் அவர் மனைவி இருளாயி.

“ஐயா, ஒங்க புண்ணு தோல்லயா, செவப்புலயா? அதப் பொறுத்துத்தான் நம்பரு.”

“புண்ணுக்கு நம்பரு வேறயா! என்னென்ன இருக்கு?”

“நூத்தி நாப்பது, இல்லாட்டி நூத்தித் தொண்ணூத்தொண்ணு.”

“அப்ப பெருசையே போடு ஆத்தா.”

பக்கத்துக் கட்டிலில் குடலிறக்கத்துக்காகப் படுத்திருந்த வெள்ளைச்சாமி கனைத்தார். அவரும் கீரமங்கலம்தான். வரப்புத் தகராறில் இருவருக்கும் பத்து வருசமாகப் பேச்சில்லை. தன் சீட்டில் எழுதியிருந்த எண்ணை அவர் கூரையைப் பார்த்துச் சொன்னார்: “நமக்கு ஐநூத்தி அறுபது.”

அய்யாக்கண்ணுவின் முகம் கறுத்தது. “அந்தாளுக்கு ஐநூத்தி அறுபது, எனக்கு வெறும் நூத்தி நாப்பதா?”

எண்ணுக்கும் மதிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்ல முத்துமாரியம்மாள் வாயைத் திறந்தாள். இருளாயி சேலைக்கடியில் அவள் விரலை அழுத்தினாள். முத்துமாரியம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

“கண்ணால பாக்காம பெரிய நம்பரு போட முடியாதுங்கய்யா,” என்றாள் பிறகு. “மீசை மறைக்குதே.”

அய்யாக்கண்ணு மீசையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “ரெண்டு வருசமா இருக்கு ஆத்தா. சின்னப் பரு மாதிரி. வெளிய தெரிஞ்சா உசுரு போயிரும்னு பயந்து மீசைய இன்னும் பெருசா விட்டேன்.” இருளாயிக்கு இது புதுச் செய்தி. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“பழனிச்சாமியக் கூப்புடுங்க,” என்றார் அவர். பழனிச்சாமி ஆஸ்பத்திரி நாவிதர். “புண்ணு இருக்க பக்கம் மட்டும்.”

“பாதி மீசையோட என் பக்கத்துல நடந்துராதீங்க,” என்றாள் இருளாயி.

முழுவதும் போனது. டாக்டர் கண்ணாடியை மூக்கில் சரியாக வைத்துக் குனிந்து பார்த்தார். மேலுதட்டுத் தோலில் மிளகளவு புண். சிவப்பைத் தொடவில்லை. கழுத்தில் கட்டியும் இல்லை. மெதுவாக வளரும் வகை. இரண்டாம் நாளே சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு வெட்டியெடுத்துத் தையல் போட்டார்.

முத்துமாரியம்மாள் 191 என்று எழுதி, வார்டுக்குப் போய்க் காட்டினாள். வாயைத் திறக்க முடியாத அய்யாக்கண்ணு அந்தத் தாளை வாங்கி, வெள்ளைச்சாமிக்குத் தெரிகிற மாதிரி நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தார்.

ஆறு மாதம் கழித்துச் சோதனைக்கு வந்தார். புண் திரும்பவில்லை. தழும்பின்மேல் முடி முளைக்காததால் மழுங்கச் சிரைத்திருந்தார். மருமகன் வீட்டு வாசலில் பார்த்துவிட்டு, “மாமா இல்லீங்களா?” என்று அவரிடமே கேட்டானாம். இதை முத்துமாரியம்மாளிடம் சொல்லி முடிக்குமுன் இருளாயிக்குச் சிரிப்பில் புரையேறியது.