மென்று ஊட்டிய சோறு

தம்பி வயிற்றுப்புண் வெடித்துச் செத்தபோது, அவன் மனைவியின் காரச் சமையல்மீது பழியைப் போட்டு, வாய்க்கு வந்தபடி ஏசினேன். அன்றிலிருந்து அவள் மிளகாயைத் தொடவில்லை.

ஆராய்ச்சிக்காக, ஆஸ்பத்திரியில் பாதுகாத்திருந்த அவனுடைய வயிற்றுத் திசுவையும் என் ரத்தத்தையும் ஒப்பிட்ட டாக்டர் இன்று சொன்னார்: "காரத்தால இல்லம்மா, கிருமியால. அதே கிருமி உங்க வயித்துலயும் இருக்கு. உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கண்டுக்க உதவற மரபணு அவருக்கு வேற மாதிரி. அதனால நீங்க தப்பிச்சிருக்கலாம். இது பெரும்பாலும் சின்ன வயசுல, எச்சில் வழியாத்தான் ஒட்டும். அவருக்கு யாராவது மென்னு ஊட்டினாங்களா?"

நான்தான் ஊட்டினேன். ஏழு வயதில், பெரிய மனுஷி மாதிரி.

நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி தட்டு வைத்தாள்.

"காரமே போடல அக்கா, பயப்படாம சாப்பிடுங்க."

ஒரு வாய் எடுத்து வைத்தேன். மென்று விழுங்க முடியவில்லை.