கொடுக்காமல் விட்ட சிக்னல்

காலையிலிருந்து முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. பார்சல் கிடங்கில் மூன்றாம் பெல்ட்டை ஓட்டும் புரோகிராம் ஒரு வாரமாக அடிக்கடி உறைந்து நின்றது. ஏன் என்று பார்க்க, பிழை தேடும் கருவியான டீபக்கரை அதன்மேல் மாட்டி, மோட்டாரைக் கிளப்பும் வரிக்குச் சற்று முன்னால் நிறுத்தி வைத்திருந்தேன். பெல்ட் அசையாமல் கிடந்தது.

டீபக்கர் மாட்டிய புரோகிராமுக்கு எந்தச் சிக்னல் வந்தாலும் முதலில் டீபக்கர் கையில்தான் விழும். அதைக் கொடுத்து ஓட்டுவதா, கொடுக்காமல் ஓட்டுவதா என்பது நான் சொல்வதுதான். நொடிக்கொருதரம் கடிகாரச் சிக்னல் வந்து பிடுங்கியதால், எதையும் காட்டாதே, எதையும் கொடுக்காதே என்று காலையிலேயே ஒரு வரி எழுதிவிட்டேன். கடிகாரத்தை மட்டும் தடுத்திருக்கலாம். அதன் எண்ணைத் தேடச் சோம்பல்.

"என்ன தங்கச்சி, பொட்டி இன்னும் எந்திரிக்கலையா?"

என் அறையின் கண்ணாடிக்கு அப்பால் லோடுமேன் நின்றார். ஆள் குள்ளம், எல்லோருக்கும் கட்டை அண்ணன்.

"நீங்க ஒரு பாட்டுப் பாடுங்கண்ணே, எந்திரிக்கும்."

"நான் பாடினா அது ஒரேயடியா போய்ச் சேந்துடும்."

உருளையில் ஒரு மூட்டையின் வார் சிக்கியிருந்தது. தூணிலிருந்த சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டு, அமுக்கியாச்சு என்று எனக்குக் கையால் காட்டிவிட்டுத்தான் அவர் குனிந்தார். இங்கே அந்தப் பட்டன் கரன்ட்டை வெட்டாது. மோட்டாரை நிறுத்து என்று புரோகிராமுக்கு ஒரு சிக்னல் அனுப்பும், அவ்வளவுதான்.

"ஏம்மா, வெளியே ஏழு லாரி நிக்குது. ஆராய்ச்சி முடிஞ்சதா?" பின்னால் வந்து நின்றார் சூப்பர்வைசர்.

பட்டன் அமுக்கியிருக்கிறது, ஓட்டினாலும் மோட்டார் கிளம்பாது என்று நினைத்தேன். 'தொடர்' என்று கட்டளை கொடுத்தேன்.

பெல்ட் கிளம்பியது.

அண்ணனின் அலறல் கண்ணாடியைத் தாண்டி வந்தது. கை தானாகப் போய்க் கீபோர்டில் புரோகிராமை நிறுத்தும் விசைகளை அழுத்தியது. புரோகிராம் நின்றது. பெல்ட் நிற்கவில்லை. ஓடு என்ற உத்தரவு மோட்டாருக்கு ஏற்கெனவே போய்விட்டது. நில் என்று சொல்லக்கூடிய ஒரே ஆளை நான் கட்டிப் போட்டுவிட்டேன்.

"மெயினை அணைங்கடா!" சூப்பர்வைசர் கிடங்கின் மறுகோடிக்கு ஓடினார்.

அப்போதுதான் காலையில் எழுதிய வரி உறைத்தது. புரோகிராம் நின்றிருந்தவரை வாசலில் காத்திருந்த சிக்னலை, ஓட விட்டதும் டீபக்கர் வாங்கி, நான் சொன்னபடியே தூக்கி எறிந்திருக்கிறது. சும்மா ஓட்டினால் பயனில்லை. அதே சிக்னலை நானே கையில் கொடுத்து ஓட்ட வேண்டும். சிக்னலின் பெயரை அடித்தேன். தப்பு. மறுபடி அடித்தேன். அதுவும் தப்பு. கண்ணாடிக்கு அப்பால் அவர் கால்கள் தரையை உதைத்துக்கொண்டிருந்தன. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. புரோகிராம் சிக்னலோடு எழுந்தது, மோட்டாரை வெட்டியது.

அண்ணனின் இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. துணி சுற்றிய கையை மார்போடு அணைத்தபடி சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"பட்டனை அமுக்காம உள்ளே கைய விடச் சொன்னது யாரு?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"அமுக்கினேன் சார்."

"அமுக்கினா எப்படிய்யா ஓடும்? மெஷின் என்ன உன் மச்சானா, விளையாடறதுக்கு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "தங்கச்சி பாத்துச்சு சார். கேளுங்க."

"நான்... சரியா கவனிக்கலை சார்."

அண்ணன் விதியை மீறினார் என்று எழுதி, அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அவர் பட்டனை அமுக்கினார். சிக்னல் வந்தது. அதைக் கொடுக்காமல் ஓட்டியவள் நான். சூப்பர்வைசர் முன்னால் நின்று இதைச் சொல்ல அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.