காஜாக்காரியின் கிராக்கி

அந்தத் தையல் ஆலையில் லீவு என்ற பேச்சே கிடையாது. ஒருத்தி வரவில்லையென்றால், அவள் பங்கை இன்னொருத்தி மாலை மணி அடித்த பிறகு உட்கார்ந்து முடித்துத் தர வேண்டும். பதில் ஆள் காட்டாமல் லீவு எடுத்தால் வேலை போச்சு, இலவச வைத்தியத்துக்கு ஆலை தரும் ஆஸ்பத்திரி அட்டையும் போச்சு.

பொத்தான் ஓட்டைக்குக் காஜா போடுகிறவளுக்கு இடப்பக்க மிஷினில் நடக்கும் காலர் வேலையும் தெரியும், வலப்பக்க மிஷினில் நடக்கும் சட்டைக்கை வேலையும் தெரியும். காலர்காரிக்குக் கை தைக்க வராது, கைக்காரிக்குக் காலர் வராது. காஜா மட்டும் இந்த இருவருக்கும் வரும், மற்ற யாருக்கும் வராது. இரண்டு பேருக்கும் இவளை விட்டால் நாதியில்லை. ஒரு மாலையில் ஒருத்தி பங்கைத்தான் முடிக்க முடியும் என்பதால் இவள் காட்டிய ராங்கி கொஞ்சநஞ்சமில்லை. ஒரு நாள் முடித்துத் தந்ததற்குப் பதிலாக ஒரு நாள் தன் காஜா பங்கை முடித்துத் தர வேண்டும் என்றிருந்ததை இரண்டாக்கினாள். "அவ மூணு தர்றேங்கிறா, நீ?" என்று இங்கே கேட்டதை அங்கே போய்ச் சொன்னாள். காலர்காரியின் அம்மா இழுத்துக்கொண்டு கிடந்த அன்றும், நாலு நாள் தந்த கைக்காரி பக்கம்தான் சாய்ந்தாள். வாங்கிய நாட்களை உடனுக்குடன் அனுபவித்தும் தீர்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த இருவரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். துண்டுத் துணியை வைத்து ஒருத்திக்கு ஒருத்தி ஏதோ தைத்துக் காட்டுவதைக் காஜாக்காரி பார்க்கத்தான் செய்தாள். வேலை இல்லாதவளுகள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய ஆறு வயது மகளுக்கு வியாழக்கிழமை இதய ஆபரேஷன் என்று தேதி வந்தது. "முழிக்கும்போது நீ பக்கத்துல இருப்பேல்ல?" என்று கேட்டது குழந்தை. "வேற எங்கடி போவேன்" என்றாள்.

காலர்காரியிடம் போனாள். "வியாழக்கிழமை என் பங்கை முடிச்சுக் குடு. பாப்பாவுக்கு ஆபரேஷன்."

"அன்னைக்குக் கைக்காரி வரமாட்டாக்கா. அவ பங்கை நான் ஏத்துக்கிட்டேன்."

"உனக்குத்தான் கை தைக்க வராதே?"

"இப்ப வரும்."

"நாலு நாள் தர்றேன். பத்து நாள்கூடத் தர்றேன்."

காலர்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எங்கம்மா கண்ணை மூடினப்ப நான் இந்த மிஷின்லதான் உக்காந்திருந்தேன். உன் நாளை வச்சு நான் என்னக்கா பண்ண?"

மேஸ்திரி காலில் விழாத குறையாக அழுதாள். "ஆள் காட்டிட்டுப் போ" என்றார். ஆபரேஷனே அந்த அட்டையில்தான் நடக்கிறது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் புருஷன் போன் செய்தான். "முழிச்சுட்டா. நல்லாத்தான் இருக்கா. உன்னை மூணு தடவை கேட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் கேக்கறதை விட்டுட்டா."

வேலைக்குத் திரும்பும் மணி அடித்தது. அவள் பங்கில் இன்னும் நூற்று நாற்பது சட்டை பாக்கி இருந்தது.